ஓரத்திலிருந்து வந்த பறவை

போன மாதம் நாமக்கல்லில் கண்ணைக் காட்டப் போயிருந்தேன். சர்க்கரை வந்துவிட்டால் அவ்வப்போது காட்ட வேண்டுமாம். வெள்ளைக் கிண்ணம் போலிருந்த ஒரு கருவிக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். “கேம் மாதிரி நெனச்சுக்குங்க சார்” என்றது கருவியருகே நின்ற பெண். பிறகு கண்ணில் மருந்தை விட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அருள் அண்ணனின் நினைப்பு வந்துவிட்டது. கண் நிறைந்து வழிந்ததற்கு மருந்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பின்னால், கொல்லிமலையின் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். சொந்த ஊர் மலையடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம்; அண்ணாந்து பார்த்து வளர்ந்த மலைதான். ஆனாலும் வேலைக்கென்று ஏறியபோது ஏதோ கடல் தாண்டிப் போவதுபோல அம்மா அழுதது. அருள் அண்ணன் திண்டுக்கல்காரர், எங்கள் லேப் டெக்னீஷியன், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நிலையத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றில் இரண்டு பேரும் தங்கியிருந்தோம். மழைக்காலத்தில் துணி காயவே காயாது. கொடியில் தொங்கும் ஈரச்சட்டை வாசனையோடு இன்னொரு வாசனையும் அந்த வீட்டில் உண்டு: மானிட்டர் சூடேறும்போது கிளம்புகிற தூசி வாசனை.

அந்த மானிட்டரை அண்ணன் சேலத்தில் பழையதாக வாங்கி, போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்தே மலையேற்றிக் கொண்டுவந்தார். வளைவுக்கு வளைவு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரை நான் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா கேட்டது: “டிவிங்களா சாமி?”

“டிவி மாதிரிதாம்மா. ஆனா இது நாம சொன்னபடி கேக்கும்.”

“அப்படி ஒண்ணு எங்கூட்லயும் இருந்தாத் தேவலாமுங்க” என்றது அந்த அம்மா, முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்து.

பெரிய கம்பெனிகள் செய்த விளையாட்டுகள் அண்ணனுக்கு ஒத்துவராது. கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வரும் சிடிக்களில், ஒரு மூலையில், யாரோ ஒரு ஆள் தனியாகச் செய்த குட்டி விளையாட்டுகள் கிடக்கும். அவற்றைத்தான் தேடுவார். “நூறு பேர் சேந்து செஞ்சா அது கல்யாணச் சாப்பாடு. இது ஒருத்தன் தனக்குன்னு வெச்ச கொழம்பு. கை தெரியும் பாரு” என்பார். ஆடி முடித்ததும் திரையில் வரும் ஒற்றைப் பெயரை, வாயில் நுழையாவிட்டாலும், சத்தமாகப் படிப்பார்.

ஆடுவதைவிட ஆடச் சொல்வதில்தான் அவருக்கு ஆசை அதிகம். நான் மாத்திரை கொடுப்பதுபோல ஆளுக்கேற்ற மாதிரி கொடுப்பார். நர்ஸ் ருக்மணி அக்காவின் கணவருக்குக் கீழே ராசிபுரத்தில் வேலை. அக்கா மலையில் தனியாக இருந்தது. அக்காவுக்கு, மீன்தொட்டியை அலங்கரிக்கும் விளையாட்டு ஒன்று. ஞாயிறு மதியம் வந்து உட்கார்ந்தால், மீன்களுக்குத் தன் நாத்தனார்களின் பெயரை வைத்துத் திட்டிவிட்டு, லேசான மனதோடு போகும். பஸ் டிரைவர் ஒருவருக்குக் கார் விளையாட்டைக் காட்டினார். அவரோ கையெடுத்துக் கும்பிட்டார். “பகலெல்லாம் மலையில கொண்டை ஊசி பெண்டு திருப்பிட்டு வாரேன். இங்கயும் திருப்போணுமா கண்ணு?”

எனக்கு அவர் சிபாரிசு செய்தது இருவர் ஆடும் ஒரு விளையாட்டு. ஒரு குன்று, அதில் இரண்டு குட்டி மனிதர்கள், கூடை நிறையப் பழம் பறிக்க வேண்டும். திரையின் ஓரங்களிலிருந்து பறவைகள் வந்து பழத்தைக் கொத்திக்கொண்டு போகும். ஒரே கீபோர்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுவோம். எனக்கு விரல் ஒத்துழைக்காது; தினமும் தோற்பேன். அப்புறம் ஒருநாள் ஜெயித்தேன். மறுநாளும், அதற்கடுத்த நாளும். வாத்தியாரை மிஞ்சிய சீடன் என்று பைல் நாடு என்கிற மலைக்கிராமத்திலிருந்து மாத்திரைக்கு வருகிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

“எங்கேருந்து வந்துச்சு அது? திடீர்னு வருது. இதச் செஞ்சவன் ஏமாத்துறான்” என்று அண்ணன் எரிச்சல்பட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ருக்மணி அக்கா எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. “அருள் தம்பி, அந்தக் குருவி அப்பவே வலதுபக்கம் வந்துருச்சே. உங்களுக்குத் தெரியலீங்களா?”

அண்ணன் ஆட்டத்தை நிறுத்தினார். வெளியே நல்ல வெயில். “தெரியலக்கா” என்றார்.

மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார். பிறவியிலேயே இருந்த கோளாறாம். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து ஒருநாள் நடுவிலும் அணைந்துவிடும், மருந்து கிடையாது. பையை வைத்துவிட்டுச் சொன்னார்: “பாவம்டா, அந்த வெளையாட்டச் செஞ்ச ஆள ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டேன்.” நான் சோறு வடிக்கப் போனேன்.

அப்புறம் அவருடைய நாற்காலி பின்னால் போகத் தொடங்கியது. தள்ளி உட்கார்ந்தால் திரை சிறிதாகி, மிச்சமிருந்த பார்வைக்குள் முழுசாக அடங்கும். மாதத்துக்குக் கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் நாற்காலி சுவரில் முட்டியது. கீபோர்டு வயர் எட்டவில்லை. “நீ ஆடு, நான் கேக்குறேன்” என்று என்னிடம் கொடுத்தார். கிரிக்கெட் வர்ணனைபோல நான் சொல்லிக்கொண்டே ஆடுவேன். “எந்தப் பக்கம்? என்ன கலரு?” என்று விடாமல் கேட்பார். அந்த நாட்களிலும் புதிய சிடி வந்தால், இதை ருக்மணி அக்காவிடம் காட்டு, அதை பஸ் டிரைவரிடம் காட்டு என்று சொல்வதை விடவில்லை.

லேபில் ஒருநாள் அவரே டாக்டரிடம் போய், “இனி ஸ்லைடு நான் பாக்கக் கூடாதுங்க சார். தப்பாச் சொல்லிட்டா ஒரு உயிராச்சே” என்று சொல்லிவிட்டார். சில வாரங்களில் அவருடைய அண்ணன் வந்து அழைத்துப்போனார். கம்ப்யூட்டரை அருள் அண்ணன் எனக்கே விட்டுவிட்டார். பஸ்ஸில் ஏறும்போது ருக்மணி அக்கா அவர் கையைப் பிடித்துப் படிக்கம்பியில் வைத்தது. “பாத்துப் போங்க சாமி” என்று சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தைக்காக வாயைப் பொத்திக்கொண்டது.

சில வருடங்கள் கழித்து திண்டுக்கல்லுக்குப் போனேன். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, மலையைவிட்டு இறங்கியிருந்தேன். அவர் தன் அண்ணனின் மளிகைக்கடையில் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு ஒரே உற்சாகம். அவருக்காகவே புதிதாக ஒரு விளையாட்டை ஆடி முடித்துவிட்டுப் போயிருந்தேன். ஒரு பெண் தனியாகச் செய்தது, முழுக்கக் கடல், ஒரு படகு என்று ஆரம்பித்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டவர், பாதியில் என் முழங்காலைத் தடவிப் பிடித்தார்.

“போதும்டா. இனிமே சொல்லாத. கேட்டா பாக்கணும்னு இருக்கு.”

உள்ளேயிருந்து அண்ணி காப்பி கொண்டுவந்தது. மலையில் இப்போது நல்ல மழையா என்று அருள் அண்ணன் கேட்டார். நல்ல மழைதான் என்றேன்.

இன்றும் மாதம் ஒருமுறை போனில் பேசுகிறோம். மிளகு விலை, அவர் அண்ணன் பேத்தியின் படிப்பு, என் சர்க்கரை; விளையாட்டுப் பேச்சு மட்டும் கிடையாது. சிடி வைத்து வந்த அந்தப் பத்திரிகைகள் நின்றுபோய் வெகுகாலமாகிவிட்டது. எதைப் பார்த்தாலும், இது யாருக்குப் பிடிக்கும் என்று உடனே யோசிக்கிற அந்த மனிதர், மறுமுனையில், நான் சொல்வதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்.