மூடிய தட்டில் விழுந்த பில்லை

கடன்பட்டோரை மீட்பதாகச் சொல்லிக்கொண்டு வருவோர் இத்தங்கவயலில் மீண்டும் தலைகாட்டுவதாகக் கேள்வியுறுகிறேன். ஆகவே எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமையையும், கர்த்தர் எங்களுக்காக எழுந்து நின்றதையும் எழுதிவைப்பது என் கடமையாயிற்று.

இருப்புப்பாதை மாரிகுப்பத்தை எட்டிய புதிது. என் மருமகன் ஆசீர்வாதம் சுரங்கத்தில் பாறை சரிந்து மாண்டான். கல்லறை மண் காயுமுன்னே பங்காருபேட்டைக் கடைக்காரர் என் மகள் அன்னம்மாளின் வாசலில் வந்து நின்றார். ஆசீர்வாதம் பட்ட கடனில் ஒரு பகுதியையேனும் சம்பள நாளன்று தராவிட்டால் கறவைப் பசுவை ஓட்டிச் செல்வேன் என்றார். அப்பசுவின் பாலே இனி அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பிழைப்பு. இறந்தவன் உழைத்த நாள்களுக்குரிய கூலி ஒன்றே எங்கள் நம்பிக்கை.

அக்கூலியைப் பெற அவன் இடுப்பில் கட்டியிருந்த, வேலையாள் எண் பொறித்த பித்தளைப் பில்லை போதும். வேலையாள் நோயுற்றால் உறவினர் எவரேனும் பில்லையைக் காட்டிக் கூலி வாங்குவது இங்கே வழக்கம். சம்பள அலுவலகச் சன்னலுக்குள் இருக்கும் கணக்கர் பில்லையின் எண்ணைப் பார்ப்பாரேயன்றி, கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவ்வேளையில்தான் அப்பாதகன் வந்தான். கடன்தீர் சங்கத்தின் ஊழியன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். சம்பளத்துக்கு முந்தின மாலை, தொழிலாளர் குடியிருப்பில் ஜெபக்கூட்டம் நடத்தினான். நான் கோலாருக்குப் போயிருந்தேன்.

"கடன் குடுத்தவங்ககிட்ட இனிமே பேச்சே வெச்சுக்காதீங்க. சங்கம் பேசிக்கும். உங்க கூலிய நாங்களே வாங்கி, கொஞ்சம் கட்டி, மிச்சத்த தள்ளுபடி செய்ய வெக்கிறோம். இன்னிக்கே பில்லைய போட்டுடணும். யாரையும் யோசன கேக்காதீங்க, விசுவாசம் கொறஞ்சிடும்" என்றானாம்.

எவர் எவ்வளவு கொடுத்தார் என்பதைப் பிறர் காணலாகாது என்று நம் சபையில் காணிக்கைத் தட்டைத் துணியால் மூடியே அனுப்புவோம். நம் பரிசுத்த வழக்கத்தையே அவன் தன் கண்ணியாக்கினான். மூடிய தட்டு சுற்றி வந்தது. ஏழைகளின் பில்லைகள் ஒவ்வொன்றாக அதில் விழுந்தன. என் மகளும் போட்டாள்.

காலையில் நான் திரும்பியதும் பில்லையைக் கேட்டேன்.

"சங்கத்து அய்யா தட்டுல போட்டுட்டேன் நைனா. கடன் தீந்துடும்னாரு."

"யாருடைய பில்லை என்று கேட்டானா? யாருக்கு எவ்வளவு கடன் என்று கேட்டானா?"

"இல்ல நைனா. ஒண்ணுமே கேக்கல."

அதற்குள் கடைக்காரர் வந்து பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் சம்பள அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே பெருங்கூட்டம். அவன் முகத்தை நான் கண்டதில்லை. யாரைப் பிடிப்பேன்? சுவரில் தலையைச் சாய்த்து ஜெபித்தேன்.

"ஆண்டவரே, அவனை மன்னியும் என்று நான் கேட்கவில்லை. என் மகளின் கூலிக்கு அவன் கை நீளும்போது அக்கையைப் பிடித்துக்கொள்ளும். ஊரார் காண அவனை வெட்கப்படுத்தும்."

ஆமென் சொல்லி முடித்தேன். பக்கத்துச் சன்னலில் கணக்கரின் குரல் உயர்ந்தது.

"ஆசீர்வாதம் பில்லையா? நீ யாருய்யா அவனுக்கு?"

"அண்ணனுங்க. தம்பி காய்ச்சல்ல படுத்துக்கினு கீறான்."

"காய்ச்சலா? அவன் பொணத்துக்கு மண்ணு போட்ட கையிய்யா இது!"

வரிசையில் ஒருவன் கத்தினான்: "இன்னாடா, மூணாம் நாளு எந்திரிச்சிட்டானா உன் தம்பி?"

மூடிய தட்டில் கிடந்தவற்றுள் ஒன்று இறந்தவனுடையது என்பதை அவன் எப்படி அறிவான்? கூட்டத்தார் அவன் கையிலிருந்த பையைப் பறித்துக் கவிழ்த்தார்கள். பில்லைகள் கொட்டின. வேறு சன்னல்களில் அவன் அதற்குள் ஏமாற்றி வாங்கியிருந்த கூலியும் மடியில் அகப்பட்டது. உரியவர்கள் தத்தம் பில்லையையும் பொருளையும் பெற்றுக்கொண்டார்கள். ஆசீர்வாதத்தின் கூலியைக் கணக்கர் என் கையில் தந்தார்.

பின்பு அவனது மேலங்கியை உரிந்து, கைகளைக் கட்டி, காவலரிடம் ஒப்படைக்கக் குடியிருப்பின் வழியே நடத்திச் சென்றார்கள். என் மகள் வாசலில் ஒரு கணம் நிறுத்தினார்கள். அவள் தொழுவத்திலிருந்து இரு கை நிறையச் சாணத்தை அள்ளி வந்து அவன் முகத்தில் அறைந்தாள்.

"இந்தாய்யா, இதான் என் காணிக்க. இத்தையும் மூடி எடுத்துக்கினு போ!"

நான் தடுக்கவில்லை. கர்த்தரைத் துதித்தேன். இன்றும் அம்முகத்தை நினைக்கையில் துதிக்கிறேன்.

கடைக்காரரும் சிரித்துவிட்டார். அவரிடம் நேரில் பேசினோம். கூலியில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு, மீதியை மாதந்தோறும் பால் விற்றுக் கட்டச் சம்மதித்துக் கயிற்றை விட்டார். இத்தனை எளிதாய் முடியக்கூடிய பேச்சைத்தான் பேசாதே என்று அந்த வஞ்சகன் தடுத்திருந்தான்.

அன்றுமுதல் எங்கள் சபையில் கடன் துயரம் உடையோர் அதை மறைப்பதில்லை. வெளிப்படையாய்ச் சொல்லி ஜெபிக்கிறோம். அன்பானவர்களே, முன்னதாகவே கை நீட்டுகிறவனை, அவசரப்படுத்துகிறவனை, கடன் கொடுத்தவரோடும் உற்றாரோடும் பேசாதே என்கிறவனை நம்பாதீர்கள். கர்த்தரை நம்புங்கள். அவர் விதவையின் வழக்கைக் கைவிடுவதில்லை.

இதில் சொற்பிழையோ செய்திப்பிழையோ காண்போர் அன்புகூர்ந்து திருத்துக. என் சினத்தை மட்டும் பிழையெனக் கொண்டு திருத்த வேண்டா. சிறையிலிருக்கும் அவனே மீண்டு வந்து இதைப் படித்துப் பிழை காண்பானாயின், மாரிகுப்பத்துக்கு நேரில் வரட்டும். அன்னம்மாளின் பசு நலமாகவே இருக்கிறது; சாணத்துக்கும் குறைவில்லை.