முட்டையைச் சுற்றி முள்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது, மனு எழுதும். நெடுங்காட்டில் பள்ளி ஆசிரியை நான். ஞாயிறு காலைகளில் பைனாகுலரும் கையுமாகக் கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம் உள்ள உவர்ச் சதுப்புக்குப் போய்விடுவேன். உள்ளான், ஆள்காட்டிப் பறவைகள் அங்கே வெட்டவெளியில் இரை பொறுக்கும்.

ஒரு பங்குனியில் ஆள்காட்டி முட்டையிட்ட இடங்களிலெல்லாம் யாரோ கருவேல முள் குத்தியிருந்தார்கள். நாலு முட்டை, சுற்றிலும் முள். முட்டை திருடுகிறவர்கள் வைத்த அடையாளம் என்று முடிவே கட்டிவிட்டேன். அங்கே தினமும் வருவது ஐந்து எருமைகளோடு ஒரு பெண்மணி மட்டும்தான். என் வயதுதான் இருக்கும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாடுகள் கூட்டை மிதிக்கின்றன, முட்டையும் திருடு போகிறது என்று வனத்துறைக்குப் படத்தோடு மனு கொடுத்தேன். மேய்ச்சலுக்குத் தடை வந்தது, பின்னாலேயே கம்பி வேலியும் வந்தது.

இரண்டு மழைக்காலம் போனது. மேய மாடில்லாத கோரை இடுப்புயரம் வளர்ந்து சேற்றை மூடிவிட்டது. சேறே தெரியாத இடத்தில் உள்ளானுக்கு என்ன வேலை? நாயோ கீரியோ வருவது தெரியாத புல்லுக்குள் ஆள்காட்டி எப்படி முட்டையிடும்? ஒரு காலை முழுக்க நின்றும் ஒரு குரல் கேட்கவில்லை. எருமைகளின் வாயும் குளம்பும்தான் அந்த இடத்தைப் பறவைகளுக்குத் திறந்து வைத்திருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேலியை எடுக்கச் சொல்லி இன்னொரு மனு எழுதிக்கொண்டு அந்தப் பெண்மணியின் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர்,” என்றார்.

பறவைகள் வராமல் போய்விட்டன, மறுபடி மாடு விடலாம், நானே அனுமதி வாங்கித் தருகிறேன் என்றேன். முள்ளைப் பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“முள்ளு நாந்தான் குத்துவேன். எருமைக்குக் கீழ பாத்து நடக்கத் தெரியுமா? முள்ளு குத்துனா ஒதுங்கிப் போயிடும். மேய்க்கிற நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம்.”

கொட்டகையைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

“கட்டிப் போட்டுத் தீனி வாங்கிப் போட என்னால முடியல. அஞ்சையும் வித்துட்டேன்,” என்றபடி ஒரு கருவாட்டைப் புரட்டிப் போட்டார். “குருவி போனதும் தேடி வந்திருக்கீங்க டீச்சர். எம் மாடு போனப்ப வரலியே.”

வரவில்லைதான். வேலி போட்ட அன்று ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தவள் நான்.