ஓஜலேஷியும் வீட்டோடு மாப்பிள்ளையும்

முர்தாஸ் ஜிகியா எதையும் எளிதில் நம்பிவிடுகிற ஆளில்லை. மார்த்வீலி ஊர்ப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், மெக்கானிக் சரிபார்த்துக் கொடுத்த பிரேக்கைத் தானும் ஒருமுறை வண்டிக்கடியில் படுத்துப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். கண்ணில் புரை விழுகிறது என்று சொன்ன மருத்துவரிடம், "ஏன், இந்த மாசம் ஆஸ்பத்திரிக்கு ஆள் வரலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவர். மனைவி இறந்தபின் கோழிகள் மீதும் சந்தேகம் திரும்பியது.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் ஜாபா வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். மெக்ரேலிய ஊர்களில் அதைவிடக் கேலிக்கு ஆளாகும் பதவி வேறில்லை. பக்கத்து வீட்டுக் குகூலி வேலிக்கு மேலே தலையை நீட்டுவாள்.

"என்ன மாப்பிள்ளை, கோமிக் களி மாமனார் கிண்டிப் போடுறாரா, இல்ல நீயே கிண்டிக்கிறியா?"

ஜாபா சிரித்துவிட்டுப் போவான். அந்தச் சிரிப்புதான் முர்தாஸுக்கு உறுத்தியது. கோபம் வரவேண்டிய இடத்தில் ஒருவன் சிரிக்கிறான் என்றால், கோபத்தை வேறெங்கோ சேமித்து வைக்கிறான் என்றுதானே அர்த்தம்?

அந்த வீட்டின் பெயர் வெளியே தெரிந்தது ஓஜலேஷியால். தோட்டத்து முசுக்கொட்டை மரங்களில் உச்சிவரை ஏறிப் படரும் கருந்திராட்சை அது; ஊரில் வேறு இரண்டு மூன்று வீடுகளில் இருந்தால் அதிகம். பனி இறங்கிய பிறகுதான் பறிப்பார்கள். கூம்பு போல அடி குறுகிய கூடையோடு மரமேறி, நிரம்பியதும் கயிற்றில் இறக்க வேண்டும். ஏறுவது முர்தாஸ் மட்டும். கூடையை வாங்குவது, பழத்தை மிதிப்பது, மண்ணில் புதைத்த ஒயின் தாழிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவுவது எல்லாம் ஜாபா. மரத்தில் மட்டும் அவன் காலை வைக்கவிட்டதில்லை.

அந்த வசந்தத்தில் தாழி திறந்தபோது, ஆண்டுதோறும் வாங்கும் திபிலிசி உணவகக்காரர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். குடிக்காமலே கீழே வைத்தார்.

"பெரியவரே, தப்பா நினைக்காதீங்க. இதுல அதேசா வாசனை வருது."

அதேசா என்பது கேட்பாரில்லாமல் வேலிதோறும் ஏறிக் கிடக்கும் மலிவுக் கருந்திராட்சை. ஸ்ட்ராபெரி மிட்டாய் போல மணக்கும். அதை ஓஜலேஷியில் கலப்பது பாலில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. வந்தவர் வாங்காமலே போய்விட்டார். முர்தாஸ் முகர்ந்து பார்த்தார். பொய்யில்லை.

தாழி தானாகவா கலந்துகொள்ளும்? பறிப்பின்போது ஜாபா சொன்னது நினைவுக்கு வந்தது: "இந்த வருஷம் பழம் கம்மி மாமா. ஊரெல்லாம் அதேசாதான் கொட்டிக் கிடக்கு."

மகள் தியோனாவைத் தனியே கூப்பிட்டார்.

"உன் புருஷன் வேலைதான்."

"பார்த்தீங்களா?"

"பார்த்திருந்தா உன்கிட்ட எதுக்குப் பேசிட்டு நிக்கிறேன்?"

அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, ஒண்ணு சொல்றேன். அவர் முகத்துக்கு நேரா இதைச் சொல்லிப் பாருங்க. சொன்ன அன்னைக்கே நாங்க குத்தாயிஸி ஊருக்குக் கிளம்பிடுவோம். அப்புறம் தாழியும் நீங்களுமா பேசிக்கிட்டு இருங்க."

சொல்வதென்றால் கையில் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மகளும் போய்விடுவாள். முர்தாஸ் கவனிக்கத் தொடங்கினார். சாப்பிடும்போது ரொட்டிக்கு மேலாகக் கவனித்தார். ஜாபா குகூலியின் வேலிப் பக்கம் அடிக்கடி போனான். ஒருநாள் சட்டைக்குள் சுல்குனிப் பாலாடைக்கட்டி ஒன்றை மறைத்து எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தான். குகூலியின் வேலி முழுக்க அதேசா. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் விடிந்ததும் தோட்டத்தில் ரம்பச் சத்தம். முர்தாஸ் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார். பெரிய முசுக்கொட்டையின் அடியில் ஜாபா குனிந்திருந்தான்.

"டேய்! கொடியையா அறுக்குற? எங்கப்பா வச்ச கொடிடா அது!"

ஜாபா ரம்பத்தைக் கீழே வைத்தான். அருகில் நடந்துபோய், வேலிக்கடியில் புல்லுக்குள் கிடந்த ஒரு தண்டைப் பிடித்து இழுத்தான். முசுக்கொட்டையின் உச்சியில் இலைகள் குலுங்கின. இன்னொரு முறை இழுத்தான். மறுபடியும் அதே உச்சி.

தண்டின் வேர் குகூலி வீட்டுப் பக்கம் இருந்தது.

குகூலி அதற்குள் வேலிக்கு வந்துவிட்டாள். "என் அதேசாதான் அண்ணே. வெட்டிக்கடான்னு நான் சொல்லி ஒரு வாரமாச்சு. மாமாவுக்குத் தெரியாம வெட்டணும், நீ மூச்சு விடாதக்கான்னு பாலாடைக்கட்டி கொடுத்து என் வாயைக் கட்டினான். நல்லாத்தான் இருந்துச்சு, உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

மரத்தில் ஏறிப் பறித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு கறுப்பும் ஒரே கிளையில் பின்னிக் கிடந்திருக்கின்றன. புரை விழுந்த கண்ணுக்கு, பனிமூட்டத்தில், எல்லாம் ஒரே கறுப்பு.

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா, அதை நான்தான் மரத்துல ஏத்திவிட்டேன்னு சொல்லியிருப்பீங்க மாமா."

முர்தாஸ் மறுக்க வாயெடுத்தார். அந்த நினைப்பு அப்போதுதான் அவருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு, தண்டு ஆடாமல் பிடித்துக்கொண்டார். ஜாபா அறுத்தான்.

பனி இறங்கிய பிறகு, கூடையையும் கயிற்றையும் மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "ஏறு" என்றார். கீழே நின்றுகொண்டு, இறங்கிய ஒவ்வொரு கூடையிலும் கொத்துக்கு ஒரு பழம் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். தியோனா பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள்.

"என்ன மாமா, இன்னும் நம்பிக்கை வரலையா?" மேலேயிருந்து குரல் வந்தது.

"பேசாம கூடையை இறக்கு. அந்த இடது கிளையை ஏன் விட்டுட்ட? யாருக்கு விட்டு வச்சிருக்க?"

"குருவிக்கு மாமா."

எந்தக் குருவிக்கு என்ற கேள்வி முர்தாஸின் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே ஒரு திராட்சையும் இருந்ததால், இரண்டையும் சேர்த்து விழுங்கினார்.