எலும்புக்கூடும் ஓட்டைக்குடையும்

பொறாமையில் நல்ல பொறாமை, கெட்ட பொறாமை என்று இரண்டு இருக்கிறதாமே. அதெல்லாம் சும்மா. வயிறு எரிந்தால் எரிச்சல்தான், அதில் என்ன தரம் பிரிப்பது? இந்த எக்ஸ்ரேக்காரிக்கு நான்கு வருடமாக எரிந்தது. அதுவும் முகம்கூடத் தெரியாத ஓர் ஆளை நினைத்து.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை அவளுடையது. காலை எட்டு மணியிலிருந்து, "நேரா நில்லுங்க, தாடையைத் தூக்குங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, ம், விடுங்க" என்று எழுபது தடவையாவது சொல்வாள். ஒருநாள் கடைசி வார்த்தையைச் சொல்ல மறந்துவிட்டாள். ஒரு பெரியவர் முகம் சிவக்கச் சிவக்க அப்படியே நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு ஈயச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு கையால் சாப்பாட்டு டப்பாவையும் இன்னொரு கையால் போனையும் திறப்பாள். அந்த முக்கால் மணி நேரம் அவள் பெயர் 'எலும்புக்கூடு'. புளுகுக்களஞ்சியத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் அது.

புளுகுக்களஞ்சியம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இருக்கும் கலைக்களஞ்சியம்தான், ஆனால் கேலிக்காக நடத்துவது. யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதலாம், யார் கட்டுரையிலும் யாரும் கைவைக்கலாம். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பது 'வரலாறு' என்ற பக்கத்தில் பதிவாகிவிடும். சட்டம் ஒன்றே ஒன்று: இங்கே புளுகினால் குற்றமில்லை, உண்மை சொன்னால்தான் குற்றம். ஒரு வரி உண்மை என்று கண்டுபிடித்துவிட்டால், 'இக்கட்டுரையில் உண்மை கலந்துள்ளது' என்று தலையில் மஞ்சள் பட்டை ஒட்டி, முதல் பக்கத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். அதைவிட அவமானம் அங்கே கிடையாது.

எலும்புக்கூடு எழுதியவை நூற்றுப் பதினெட்டு கட்டுரைகள். முதல் பக்கத்துக்கு வந்தவை இரண்டு. 'ஓட்டைக்குடை' என்ற பெயரில் ஒருவர் எழுதினார். நாற்பதுதான் எழுதினார், முப்பத்தொன்று முதல் பக்கம். நியாயமா இது?

சரி, முதல் பக்கம் போனால் போகிறது என்று விட்டுவிடுவாள். அவளால் தாங்க முடியாதது வேறு. அவள் கணவர் ஓட்டைக்குடையின் பரம ரசிகர்.

கணவருக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. நாள் முழுக்கக் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பியே உயிர் வாழ்கிற மனிதர். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. காலையில் டீயோடு புளுகுக்களஞ்சியத்தைத் திறந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். குடைக்காரர் கட்டுரை என்றால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார், டீ மூக்கில் ஏறும். மனைவியும் அதே இடத்தில் எழுதுகிறாள் என்று அவருக்குத் தெரியாது. அவள்தான் சொல்லவில்லை. சொன்னால் பெண்டாட்டி ஆயிற்றே என்று சிரித்து வைப்பார். அந்தப் பிச்சைச் சிரிப்பு யாருக்கு வேண்டும்? தெரியாமல் படித்து, தானாகச் சிரிக்கவேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

ஒருமுறை அவள் எழுதிய 'காத்திருப்போர் அறை' முதல் பக்கத்துக்கு வந்தது. அவர் படிப்பதைப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரே டம்ளரை மூன்று முறை கழுவியாயிற்று. அவர் கடைசிவரை படித்துவிட்டுச் சொன்னார்:

"பரவால்ல. ஆனா குடைக்காரர் எழுதியிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்."

அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மூச்சைப் பிடித்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் போன செவ்வாய்க்கிழமை ஓட்டைக்குடையின் புதுக் கட்டுரை முதல் பக்கத்துக்கு வந்தது. தலைப்பு 'கணவன்'. எக்ஸ்ரேக்காரி சாப்பாட்டை மறந்து படித்தாள். நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப்போனது. அவளே இரண்டு இடத்தில் சிரித்துவிட்டாள், அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். நாளைக்கோ மறுநாளோ இதைப் படித்துவிட்டு அவர் எப்படிக் குலுங்குவார் என்று நினைத்தபோது காதில் புகை வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை. இதற்குள் மூன்று வரி உண்மையை நுழைத்துவிட்டால்? மஞ்சள் பட்டை விழும், கட்டுரை இறங்கும், குடைக்காரர் மானம் கப்பலேறும். உண்மைக்கு எங்கே போவது? அதுதான் வீட்டிலேயே இருக்கிறதே. ஆத்திரத்தில் தன் கணக்கிலிருந்து வெளியேறிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. ஜோடனை எதுவும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி அடித்தாள்:

'மனைவி வேகமாகப் பேச ஆரம்பித்தால் கணவனின் வலது கால் மேசைக்கடியில் தானாக ஊன்றும். மனைவி அழுதால், பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அருகில் வருவான். சாவு வீடானாலும் பிரசவ அறையானாலும் அவனுக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றுதான்: மெதுவா, மெதுவா, ஒண்ணும் அவசரமில்ல.'

சேமித்தாள். டப்பாவை மூடினாள். அன்று சாயங்காலம் வரை மனசுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி.

புதன்கிழமை பார்த்தால் மஞ்சள் பட்டையைக் காணோம். வாசகர்கள் எழுதும் பக்கத்துக்குப் போனாள். அங்கே திருவிழாக் கூட்டம். 'அந்தக் கால் ஊன்றுகிற வரி!' என்று ஒருவர். 'இப்படியெல்லாம் புளுக ஓட்டைக்குடையால் மட்டும்தான் முடியும்' என்று இன்னொருவர். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால் ஒருத்தருக்கும் நம்பத் தெரியவில்லையே. அவள் வரிக்கு அவள் வாழ்க்கையிலேயே கிடைக்காத பாராட்டு, அதுவும் அந்த ஆளின் பேரில்.

வியாழக்கிழமை காலை கணவர் போனைத் திறந்தார். முதல் பத்தியிலேயே தோள் குலுங்க ஆரம்பித்தது. அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், மனிதர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்கிறார். இப்படி ஒரு சிரிப்பை அவள் பதினோரு வருடத்தில் பார்த்ததில்லை.

"இங்க கேளேன், இங்க கேளேன்" என்று மூச்சு வாங்க அந்த மூன்று வரியையும் வாசித்தார். கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்பு மெல்ல இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது நான்தான். அச்சு அசல் நானேதான். குடைக்காரர் நம்ம தொழில்ல இருக்கறவர், பந்தயம் கட்டறேன்" என்றவர், போனையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்னை இவ்வளவு புரிஞ்சவர் வேற யாரும் இல்ல."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. அவள் அப்பா இறந்த அன்று அந்த 'மெதுவா, மெதுவா' தன் முதுகைத் தடவியதை வேறு யார் கண்டார்கள்? அதைக் கவனித்து, மனதில் வைத்திருந்து, எழுதியவள் இங்கே அடுப்பைத் துடைக்கிறாள். பெயர் குடைக்காரருக்கா?

"அது நான் எழுதினதுங்க" என்றாள்.

மறுபடியும் சிரித்தார், முன்னைவிடப் பலமாக. "இதுதான் இன்னிக்கு எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுச்சு."

அவள் தன் போனைக் கொண்டுவந்து, வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். எலும்புக்கூடு, செவ்வாய், மத்தியானம் ஒன்று இருபது, மூன்று வரிகள் சேர்க்கப்பட்டன. மேல் மூலையில் அவள் கணக்கு திறந்தே இருந்தது. அவர் அதையும் பார்த்தார், வரிகளையும் திரும்பப் படித்தார். இந்த முறை சத்தமில்லாமல் படித்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அந்தக் காத்திருப்போர் அறையும் நீதானா?"

"ஆமா."

அவர் மறுபடியும் போனின் மேல் குனிந்துகொண்டார். நல்லா இருக்கு என்று அவர் வாயால், அவளைப் பார்த்து, ஒரு வார்த்தை. நான்கு வருடமாகக் காத்திருந்தது அதற்குத்தான்.

அவர் நிமிர்ந்தார். "இதை அவர் பாத்துட்டாரா?"

"எவர்?"

"குடைக்காரர்."

"பாத்திருப்பார். ரெண்டு நாளாச்சே."

"அழிக்கலையே?" அவர் முகத்தில் பெருமை பொங்கியது. எழுந்துவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நல்லா இருக்குன்னுதான் அர்த்தம். அவரே விட்டு வச்சிருக்காருன்னா சும்மாவா?"

அந்தப் பெருமை அவளைப் பற்றியதுதான். அவளுக்கும் அது தெரிந்தது. தெரிந்தும் வயிறு எரிந்தது.

"வண்டிக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்றாள்.