பாறை உச்சியில் ஒரு புள்ளி

மகனின் கைக்கடிகாரம் காட்டும் இடத்தை எவ்வளவு நம்பலாம்? குற்றாலம் பேரருவியில் அவன் அப்பாவோடு ஆண்கள் பக்கம் போயிருக்கிறான். வெளியே நிற்கிறேன். என் கைபேசி வரைபடத்தில், அவனுக்கான புள்ளி பாறை உச்சியில் தெரிகிறது. காவலுக்கு நிற்கும் பெண் போலீஸிடம் ஓடிக் காட்டுகிறேன்.

"அங்கன கொரங்குதாம்மா போவும். ஒங்க பிள்ளைக்கு வாலு இருக்கா?" என்று சிரிக்கிறார்.

குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேரும் நேரத்தை வைத்துத்தான் கடிகாரம் இடத்தைக் கணக்கிடுகிறது. பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் தாமதமாக வரும், கணக்கு தவறும். தெரிந்தும் ஆண்கள் பக்கத்தையே எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

தலையில் எண்ணெய் வழிய மகன் வருகிறான். இவ்வளவு நேரமும் எண்ணெய்தான் தேய்த்தார்களாம், இனிமேல்தான் அருவிக்குப் போகிறார்களாம். அவன் என் முன்னால் நிற்கும்போதும் புள்ளி உச்சியிலேயே இருக்கிறது. கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொள்ளவா, கையிலேயே விடவா? பிள்ளைகளோடு இங்கே வந்தவர்கள் சொல்லுங்களேன்.