அரைப்பேர்

மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் தொம்மென்று இரும்பு விழுந்தது. மகன் மறுபடியும் பாரம் தூக்குகிறான். பழக ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒருநாளும் விடுவதில்லை.

அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயதில் இருந்த கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டது. அந்த வருடத் திருவிழாவில் சித்தப்பா முதல்முறையாக அம்மன் சப்பரத்தைத் தோளில் சுமக்க இருந்தார். அதற்காக நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தினமும் பெரிய கல்லைத் தூக்கிப் போடுவார். ஈரமண்ணில் தொம், தொம் என்று விழும். வீடெல்லாம் அவர் தேய்த்த தைல வாடை.

“புதுசா தூக்குறவன் ஒருநாள் தூக்குனா மறுநாள் விடணும்டா. சதை ஆற வேணாமா?” என்றார் அப்பா.

“நான் என்ன அரைப்பேராண்ணே?” என்று சிரித்தார் சித்தப்பா.

தோட்டத்தில் பாதி நாள் வேலை செய்தவருக்குப் பாதிச் சம்பளம் வெட்டிப் போடுவது அரைப்பேர். ஒருநாள் ஓய்ந்திருந்தால் உடம்பும் அப்படிப் பாதிப் பலத்தை வெட்டிவிடும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

கை வீங்கி மடங்காமல் போனது. சிறுநீர் பால் ஊற்றாத கடும் தேயிலைச் சாயத்தண்ணீர் போலச் சிவந்து கறுத்தது. சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அந்த வருடம் சப்பரம் எங்கள் லயத்துப் பக்கம் வரவில்லை. அங்கே சாவுக்குக் கட்டும் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது.

வாசலில் இரும்புச் சத்தம் நின்றிருந்தது. கக்கூஸிலிருந்து மகன் கூப்பிட்டான்.

“அம்மா, நேத்து ராத்திரி பீட்ரூட்டா ஆக்குனீங்க?”

நான் ஆக்கியது பருப்பு.

“தாயே!” என்று விளக்கை அப்படியே விட்டுவிட்டு, ஓட்டோ கூப்பிட ரோட்டுக்கு ஓடினேன்.