வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினேன்

எங்கள் ஊர் வண்டிகளைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ரங்கூனில் சாலையின் வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் ஓடுகிற பழைய வண்டிகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தவை. அவற்றுக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கம். அதாவது ஓட்டுகிறவன் சாக்கடையோரம் உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் இருப்பவர் நடுரோட்டுப் பக்கம் இருப்பார். முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் பார்த்துச் சொல்ல வேண்டும், இவன் மிதிக்க வேண்டும். யார் செய்த ஏற்பாடோ, அவன் நாசமாய்ப் போக.

எனக்கு இருபத்திரண்டு வருடம் பார்த்துச் சொன்னவள் என் மனைவி. க்யிம்யிண்டைங் மார்க்கெட்டில் பருப்பு மூட்டைகளை என் பிக்கப்பில் ஏற்றி, பாலம் தாண்டி, தன்லியினில் இருக்கும் கடைகளுக்குப் போடுவது என் தொழில். வாரத்தில் நாலு நாள் போவேன். அவளும் ஏறிக்கொள்வாள். ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு "இருங்க... இருங்க..." என்பாள். பிறகு "போங்க" என்பாள். அவள் போங்க என்றால் நான் யோசிக்க மாட்டேன். வீட்டில் அவள் சொன்ன எதையும் நான் கேட்டதில்லை, அது வேறு கதை. ரோட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

மகள் மலேசியாவில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்கு என்று மனைவி கிளம்பிப் போனாள். மூன்று மாதம் என்று பேச்சு. பிள்ளை இப்போது நடக்கிறது, கையில் கிடைத்ததை எல்லாம் தூக்கி எறிகிறது, போனில் என்னைப் பார்த்தால் அழுகிறது. ஒவ்வொரு முறையும் மனைவிக்கு ஒரே பாட்டுத்தான்: "வண்டிய வித்துட்டு நீங்களும் வந்துடுங்க." எனக்குக் கோபம் வரும். "அங்க வந்து நான் என்ன பண்றது? பேரனுக்குக் கிலுகிலுப்பை ஆட்டவா? நீ எப்ப வர்ற, அதச் சொல்லு" என்பேன். அவள் உடனே சாப்பிட்டீங்களா என்று பேச்சை மாற்றிவிடுவாள். சாப்பிட்டேன் என்பேன். பெரும்பாலும் பொய். டீக்கடையில் ஒரு கிண்ணம் மொஹிங்காவை, அதுதான் எங்கள் ஊர் மீன்குழம்பு நூடுல்ஸை, வாங்கி, நாலு பேர் உட்காரும் மேஜையில் தனியாக உட்கார்ந்து பாதியை வைத்துவிட்டு எழுந்து வருவது சாப்பாடு என்றால், சாப்பிட்டேன்.

வண்டியில் கூட உட்கார ஆள் வைத்துப் பார்த்தேன். தெருக்கோடியில் சும்மா இருந்த நடுவயசு ஆள் ஒருவர் வந்தார். வாய் நிறைய வெற்றிலை. மூன்றாவது நாள், நான் "பாருங்க, போகலாமா?" என்று கேட்கிறேன், பதிலே இல்லை. திரும்பிப் பார்த்தால் மனிதர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன். தனியாகவே ஓட்டினேன்.

போன மழைக்கு முன்னால் ஒரு நாள் காலை, தன்லியின் ரோட்டில் ஒரு மணல் லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பொறுமை போய்விட்டது. கொஞ்சம் இடதுபுறம் ஒதுங்கிப் பார்த்தேன். தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஒதுங்கினேன். வண்டி முழுக்க எதிர்ப்பாதைக்குப் போன பிறகுதான் என் கண்ணுக்கு ரோடு தெரிந்தது. தெரிந்தது ரோடு அல்ல, ஒரு தொழிற்சாலை பஸ். ஐயோ என்று கத்தியது நினைவிருக்கிறது. எப்படி உள்ளே ஒடித்தேன் என்பது நினைவில்லை. பஸ் இடது கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்க வண்டியில் யாரும் இல்லை.

அன்றைக்கு முடிவு செய்ததுதான் வண்டியை உயர்த்துவது. உயரமாக உட்கார்ந்தால் முன்னால் போகிற வண்டிக்கு மேலே தெரியும், யாரும் தேவையில்லை என்று என் கணக்கு. கேட்டவர்களிடமெல்லாம் மழைத் தண்ணீருக்காக என்று சொன்னேன். மழைக்காலத்தில் தெருக்களில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் மேலே கேட்கவில்லை.

லைங் தாயாவில் பிக்கப்புகளை உயர்த்தித் தருகிற பட்டறை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் நம்மவர்தான், நாற்பதை நெருங்கியவர். தமிழ் புரியும், பேச ஆரம்பித்தால் நாலாவது வார்த்தையில் பர்மியத்துக்குத் தாவிவிடுவார். என்னை ஊலே என்று கூப்பிட்டார். பர்மியத்தில் மாமா மாதிரி.

"நாலு அங்குலம் தூக்கணும். முப்பத்துமூணு இஞ்ச் டயர் போடணும். சேத்து டயர், கட்டை கட்டையா இருக்கும்ல, அது" என்றேன். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தார். "ஊலே என்ன ஏத்துறீங்க?"

"பருப்பு மூட்டை."

"மூட்டை ஏத்துற வண்டிய நாலு அங்குலம் தூக்கினா வளைவுல சாயும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல இரும்புக் கட்டைய வச்சுத் தூக்குறவங்க இருக்காங்க. நான் செய்ய மாட்டேன். ஒரு பட்டை கூடப் போட்டு ரெண்டு அங்குலம் தூக்கலாம். முன்னாடியும் அதே அளவு ஏத்திடலாம். டயர் முப்பத்தொண்ணு போதும். முப்பத்துமூணு போட்டா ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கறப்ப மட்கார்டுல உரசும். சேத்து டயர் தார் ரோட்டுல ஓன்னு கத்தும். காதே போயிடும்."

"கத்தட்டுமே, வண்டிக்குள்ள ஏதாவது சத்தம் வேணும்ல" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

நானும் விடவில்லை. நாலுதான் வேண்டும் என்று நின்றேன். இரண்டு டீ வரவழைத்துப் பொறுமையாகக் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "அந்த வண்டியில ஏறி உக்காருங்க." யாரோ நாலு அங்குலம் உயர்த்தச் சொல்லிவிட்டு எடுக்க வராமல் கிடந்த வண்டி அது. முக்கி முனகி ஏறினேன். அவர் போய் வாசலில் நின்ற லாரியை ஓட்டிவந்து என் மூக்குக்கு நேராக நிறுத்தினார்.

"இப்ப என்ன தெரியுது?"

லாரியின் முதுகு தெரிந்தது. அதில் எழுதியிருந்த நம்பர் தெரிந்தது. வேறு ஒரு மண்ணும் தெரியவில்லை. நாலு அங்குலம் என்ன, நான்கு அடி தூக்கினாலும் தெரியப்போவதில்லை.

நான் மழைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் சொல்லவில்லையே, இவருக்கு எப்படித் தெரிந்தது என்று பார்த்தேன். பிய்ந்துபோன கண்ணாடியைக் காட்டினார். "தண்ணி கண்ணாடிய ஒடைக்காது ஊலே" என்றார். பிறகு, "பக்கத்துல ஆள் இல்லையா?" என்று கேட்டார்.

இத்தனை நாள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. "இருந்தா. ஊருக்குப் போயிருக்கா. வந்துடுவா" என்றேன். வந்துவிடுவாள் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொன்னதும் அது நிஜம்போலவே இருந்தது.

அவர் சொன்ன இரண்டு அங்குலத்துக்கே ஒத்துக்கொண்டேன். தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான முப்பத்தொரு அங்குல டயர். வீம்புக்காக ஒன்று மட்டும் கூடக் கேட்டேன். இடது கதவுக்குக் கீழே ஒரு படி வைக்கச் சொன்னேன். "ரெண்டு பக்கமும் வைக்கலாமே" என்றார். எனக்கு வேண்டாம், ஏறிக்கொள்வேன். அவளுக்கு முழங்கால் வலி. டயரின் உயரமும் சேர்ந்தால் அவளால் ஏற முடியாது. அகலமாக, வழுக்காத படியாக வையுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டியை எடுத்துவந்து வீட்டு முன்னால் நிறுத்தினேன். உள்ளதைச் சொன்னால், கம்பீரமாகத்தான் இருந்தது. உடனே போனில் படத்தோடு மனைவியைக் கூப்பிட்டேன். டயரைக் காட்டினேன். பட்டையைக் காட்டினேன். புதுக் கண்ணாடியைக் காட்டினேன். பழையது என்ன ஆனது என்று மட்டும் சொல்லவில்லை. நானே அடித்துச் செய்தவன்போல அளந்துகொண்டிருந்தேன். கடைசியாக இடது பக்கம் வந்து குனிந்து படியைக் காட்டினேன்.

"இது உனக்குத்தான். முழங்கால மடக்கவே வேண்டாம். சும்மா கால வச்சு ஏறிடலாம்."

திரையில் அவள் முகம் அப்படியே இருந்தது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஏங்க" என்றாள். "நான் இனிமே அங்க வரலங்க."

"என்ன திடீர்னு?" என்றேன்.

"திடீர்னு எல்லாம் இல்ல. போன வருசமே தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க இங்க வந்துடுவீங்கன்னு இருந்தேன். ஒருத்தரா எத்தன நாளைக்கு இருப்பீங்க, இன்னைக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு ஒவ்வொரு நாளும் பாத்தேன். இங்க உங்களுக்குக்கூட ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கேன்" என்றாள். "விக்கப்போற வண்டிக்கு யாருங்க புது டயர் போடுவா?"

நான் போனைக் கையில் பிடித்தபடி அந்தப் படியில் உட்கார்ந்தேன்.